தேவகிரிக் கோட்டையும் வாயிற்குளத்து நீரும்

கோட்டைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கட்டிய மன்னர்களைப் பற்றியும், முற்றுகையிட்ட படைத்தலைவர்களைப் பற்றியுமே எழுதுகின்றனர். கல்லைச் சுமந்தவன் யார், அகழியை வெட்டியவன் யார், அக்கோட்டையின் குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்னும் வினாக்கள் அப்பக்கங்களில் எழுவதில்லை. நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் ஒரு கோட்டையைப் பற்றி எழுத முற்படும் நாம், இவ்வினாக்களையும் உடன் எடுத்துக்கொண்டே மலையேறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட கோட்டை மராட்டிய மாநிலத்தில் உள்ள தௌலதாபாத் கோட்டை. அதன் பழம்பெயர் தேவகிரி. ஔரங்காபாத் என நெடுங்காலம் வழங்கி, 2023இல் சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரிலிருந்து எல்லோராக் குகைகளுக்குச் செல்லும் வழியில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் அது நிற்கிறது. இந்திய நாட்டின் வலிமை மிக்க மலையரண்களுள் ஒன்று என்பது அதன் பெருமை. ஆயினும் நாம் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. 1934ஆம் ஆண்டில் இக்கோட்டையைக் காணச் சென்ற ஒருவர் அதன் வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்டார். ஆயுதம் தாங்கிய காவலன் ஒருவன் கண்காணிக்க, எங்கும் நீரைத் தொடலாகாது என்ற கட்டளையின் கீழேயே உள்ளே செல்ல விடப்பட்டார். அவர்தாம் அண்ணல் அம்பேத்கர்.

மலையும் அரணும்

சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் கூம்பு வடிவான பாறை மலை தேவகிரி. அதன் உயரம் ஏறத்தாழ 200 மீட்டர். இயற்கை தந்த சரிவு போதாது என்று கருதிய மக்கள், மலையின் அடிப்பகுதியைச் சுற்றிலும் செங்குத்தாகச் செதுக்கிவிட்டனர். சுவர் எழுப்புவது போலன்றி, மலையையே சுவராக்கிய வேலை இது. பல்லியும் பற்றி ஏறத் தயங்கும் அந்தச் செங்குத்துப் பாறையின் அடியில், பாறையைக் குடைந்தே ஆழமான அகழியும் வெட்டியிருக்கின்றனர். அகழியைக் கடக்க ஒரே ஒரு குறுகிய பாலம். பாலத்தைத் தாண்டினால் மலைக்குள்ளே செல்லும் ஒரே ஒரு வழி. அவ்வழியை அடைவதற்கு முன்னரே அம்பர்கோட், மகாகோட், காலாகோட் என ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மதில் வளையங்களைக் கடந்தாக வேண்டும்.

வாயில்களின் அமைப்பும் எண்ணிப் பார்க்கத்தக்கது. நேர்வழியாக எந்த வாயிலும் இல்லை. யானையை ஓடவிட்டு முட்டித் தகர்க்க இடம் கொடாதவாறு, ஒவ்வொரு வாயிலின் முன்னும் வழி வளைந்து திரும்புகிறது. கதவுகளில் கூரிய இரும்பு முனைகள் அறையப்பட்டுள்ளன. உள்ளே நுழைந்த பகைவன் நாற்புறமும் உயர்ந்த சுவர்களுக்கிடையில் அகப்பட்டுக்கொள்வான். மேலிருந்து அம்பும் கல்லும் அவன்மேல் பொழியும்.

அரணுக்கு மதில் மட்டும் போதாது, நீர் வேண்டும். முற்றுகைக் காலத்தில் நீர் வற்றிய கோட்டை ஒரு திங்களும் தாங்காது. ஆதலின் தேவகிரியில் நீருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் மதிலுக்கு நிகரானவை. அண்டை மலைகளில் நீரைத் தேக்கிச் சுடுமண் குழாய்களின் வழியாகக் கோட்டைக்குள் கொண்டுவந்தனர். யானைக் குளம் எனப் பொருள்படும் ‘ஹாத்தி ஹௌத்’ என்னும் மாபெரும் நீர்த்தேக்கமும், ‘சரஸ்வதி பாவடி’ என்னும் படிக்கிணறும் இன்றும் காணக் கிடைக்கின்றன. நீரைப் பற்றிய இச்செய்தியை இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் நாம் சொல்லப்போவதும் நீரைப் பற்றியதே.

அரசுகள் வந்தன, அரசுகள் போயின

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாதவ அரசன் ஐந்தாம் பில்லமன் தேவகிரியைத் தலைநகராக்கினான். ஒரு நூறாண்டு அவ்வரசு செழித்தது. 1296இல், அப்போது இன்னும் தில்லி சுல்தான் ஆகாதிருந்த அலாவுதீன் கில்ஜி, எதிர்பாராத வேளையில் தேவகிரியின்மேல் படை கொண்டு வந்தான். அரசன் இராமச்சந்திரனின் பெரும்படை அவ்வேளையில் வெளியே சென்றிருந்தது. அரசன் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தான். அவசரத்தில் கோட்டைக்குள் ஏற்றப்பட்ட மூட்டைகளைத் தானியம் என எண்ணியிருக்க, பிரித்துப் பார்த்தபோது அவை உப்பு மூட்டைகளாக இருந்தன என்று பிற்கால வரலாற்றாசிரியர் பெரிஷ்தா எழுதுகிறார். உப்பைத் தின்று முற்றுகையைத் தாங்க இயலுமா? இராமச்சந்திரன் பெரும்பொருளைக் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டான்.

பிறகு மாலிக் காபூர் வந்தான். 1310–11இல் அவன் துவாரசமுத்திரத்தையும், அதனைக் கடந்து பாண்டிய நாட்டையும் நோக்கிப் படை நடத்தியபோது, தேவகிரியே அவனுக்கு வழித்தங்கலாக அமைந்தது. மதுரையைத் தாக்கிய படை இம்மலையின் அடிவாரத்தைக் கடந்தே வந்தது என்பதால், தமிழக வரலாற்றிலும் இம்மலைக்கு ஓரிடம் உண்டு. 1318இல் யாதவர் மரபு முடிவுக்கு வந்தது. 1327இல் முகமது பின் துக்ளக் இதனைத் தன் தலைநகராக்கி, ‘செல்வ நகர்’ எனப் பொருள்படும் தௌலதாபாத் என்ற பெயரைச் சூட்டினான். தில்லி மக்கள் பலர் நெடுந்தொலைவு நடத்திக் கொண்டுவரப்பட்டனர். சில ஆண்டுகளிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

1347இல் பாமினி அரசு இங்குத் தோன்றியது. அதன் பின்னர் அகமதுநகர் நிஜாம் ஷாகி அரசு. அவ்வரசின் இறுதிக் காலத்தைத் தாங்கி நின்றவன் மாலிக் அம்பர். எத்தியோப்பிய நாட்டில் பிறந்து, சிறுவனாக அடிமைச் சந்தையில் விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறித் தக்காணத்தை அடைந்து, தன் அறிவாலும் ஆற்றலாலும் ஓர் அரசையே நடத்தியவன் அவன். முகலாயப் படைகளை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த அவன் 1626இல் மறைந்தான். பின்னாளில் ஔரங்காபாத் எனப் பெயர் பெற்ற நகரை ‘கட்கி’ என்ற பெயரில் நிறுவியவனும் அவனே. பிறப்பால் ஒருவனை அளப்பது எத்துணை அறியாமை என்பதற்கு இவன் வாழ்வினும் வேறு சான்று வேண்டுமோ? 1633இல் முகலாயர் முற்றுகையிட்டுக் கோட்டையைக் கைப்பற்றினர். 18ஆம் நூற்றாண்டில் அது ஐதராபாத் நிஜாம்களின் கைக்கு வந்தது. 1948இல் ஐதராபாத் இந்தியாவுடன் இணையும் வரை அவர்களிடமே இருந்தது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை புலப்படுகிறது. செதுக்கப்பட்ட அப்பாறையின்மேல் ஏறி எவரும் இக்கோட்டையைப் பிடித்ததில்லை. பசி, உடன்பாடு, உள்ளிருந்தோரின் தளர்ச்சி ஆகியவற்றாலேயே அது கைமாறியது. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அசைக்க இயலாததாகத் தோன்றும் அரணுக்கும் வாயில் ஒன்று உண்டு.

ஏறிச் செல்லும் வழி

இனி மலையேறுவோம். முதல் மதிலைக் கடந்ததும் இடப்புறம் பழைய பள்ளிவாசல் ஒன்று தெரிகிறது. 1318இல், அதற்கும் முற்பட்ட கோயில் தூண்களைக் கொண்டு கட்டப்பட்ட அவ்விடத்தில், 1948க்குப் பின் பாரத மாதாவின் உருவம் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே தூண் மூன்று காலங்களின் வழிபாட்டைத் தாங்கி நிற்கிறது. அதன் எதிரே 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்பது சாந்த் மினார். 15ஆம் நூற்றாண்டில் பாமினி மன்னன் எழுப்பிய வெற்றித்தூண்.

மேலும் சென்றால் சீனி மகால். ஒரு காலத்தில் வண்ண ஓடுகள் பதித்து அழகுற விளங்கிய இம்மாளிகை, கோல்கொண்டாவின் இறுதி அரசன் அபுல் ஹசன் தானா ஷாவுக்குச் சிறையாயிற்று. 1687இல் நாட்டை இழந்த அவன், தன் எஞ்சிய ஆண்டுகளை இங்கேயே கழித்து மறைந்தான். அதன் அருகே மேடை மீது கிடக்கிறது ஆட்டுத்தலை வடிவம் கொண்ட பெரும்பீரங்கி. ‘கோட்டை தகர்ப்பது’ எனப் பொருள்படும் பெயர் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளது.

பிறகு அகழிப் பாலம். அதன்பின் ‘அந்தேரி’ எனப்படும் இருட்டு வழி. பாறையைக் குடைந்து அமைத்த அச்சுரங்கத்தில் படிகள் ஒரே அளவினவாக இல்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாற வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்யப்பட்டவை. வெளவால்களின் நாற்றமும் சிறகடிப்பும் அங்கு நிறைந்திருக்கின்றன. சுரங்கத்தின் மேல் முனையை இரும்பு மூடியால் அடைத்து, தீ மூட்டிப் புகையை உள்ளே செலுத்தும் ஏற்பாடும் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, இக்கோட்டையின் நிலவறைச் சிறைகளைப் பற்றியும், பூனையினும் பெரிய எலிகள் அங்கு இருந்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

இருளைக் கடந்து வெளியே வந்தால் மீண்டும் படிகள். மூச்சு வாங்க ஏறுவோர்க்கு இளைப்பாற்றும் இடமாக முகலாயர் காலத்துப் பாரதாரி மண்டபம் நிற்கிறது. உச்சியில் பீரங்கி மேடையும், துறவி ஜனார்தன சுவாமியின் நினைவோடு போற்றப்படும் குகையும் உள்ளன. 16ஆம் நூற்றாண்டில் இக்கோட்டையில் அலுவல் பார்த்த அவருடைய மாணவரே பைத்தணத்து ஏகநாதர். பிறப்பால் பிராமணராகிய ஏகநாதர், மகர் ஒருவர் பேசுவது போன்ற பாடல்களையும் இயற்றியவர். உச்சியில் நின்று பார்த்தால் சுற்றிலும் சமவெளி விரிகிறது. எத்திசையில் எப்படை வந்தாலும் நெடுந்தொலைவிலேயே காணலாம்.

சுவருக்கடியில் மறைந்த ஒருவர்

இவ்வளவு பெயர்களைச் சொன்னோம். மலையைச் செதுக்கியவர் பெயர் ஒன்றையேனும் சொன்னோமா? சொல்ல இயலாது. ஒரு பாறையைப் பல ஆள் உயரத்துக்குச் சுற்றிலும் செதுக்க எத்தனை தலைமுறைக் கைகள் உழைத்தனவோ, அக்கைகளுக்குரியோர் பெயரை எந்தக் கல்வெட்டும் பொறித்து வைக்கவில்லை.

ஆயினும் அக்காலத்து மராட்டிய நாட்டில் மதில் வேலை செய்து மடிந்த ஒருவரின் பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் சோகாமேளர். மகர் குலத்திற் பிறந்தவர், பண்டரிபுரத்து விட்டலனிடம் பேரன்பு கொண்ட அடியார், நாமதேவரின் காலத்தவர். யாதவர் ஆட்சியின் இறுதியிலும் அதற்குப் பின்னரும் வாழ்ந்த அவர், கோயிலுக்குள் நுழைய விடப்படவில்லை. மங்கள்வேடை என்னும் ஊரில் மதில் கட்டும் வேலைக்குக் கட்டாயமாக இழுக்கப்பட்டு, 1338இல் அம்மதில் இடிந்து விழுந்து பிற வேலையாட்களோடு மாண்டார் என்பது மரபு. இடிபாட்டில் குவிந்து கிடந்த எலும்புகளுள் எவை சோகாமேளருடையவை என்பதை, அவற்றிலிருந்து எழுந்த இறைவன் பெயரைக் கேட்டு நாமதேவர் கண்டறிந்தார் என்று அம்மக்கள் கூறுவர். அவ்வெலும்புகள் பண்டரிபுரத்துக் கோயில் வாயிலின் முன்னே அடக்கம் செய்யப்பட்டன. இறந்த பின்னரும் அவருக்குக் கிடைத்த இடம் வாயிலுக்கு வெளியேதான்.

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதோர்’ என்னும் ஆய்வு நூலை மூவர் நினைவுக்கு உரிமையாக்கினார். ஒருவர் நம் தமிழகத்து நந்தனார், மற்றொருவர் வடநாட்டு ரவிதாசர், மூன்றாமவர் இச்சோகாமேளர். தில்லையின் வாயிலில் நின்றவரையும் பண்டரிபுரத்து வாயிலில் நின்றவரையும் ஒருசேர நினைத்தவர், தாமும் ஒரு வாயிலில் நின்றவர் என்பதை இனிக் காண்போம்.

1934இல் வாயிலில் நடந்தது

1934ஆம் ஆண்டில் அம்பேத்கர் எந்நிலையில் இருந்தார்? கொலம்பியா, இலண்டன் பல்கலைக்கழகங்களின் டாக்டர் பட்டங்களைப் பெற்றவர், பாரிஸ்டர், இலண்டனில் நடந்த மூன்று வட்டமேசை மாநாடுகளிலும் தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் அமர்ந்தவர், 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர். நாடறிந்த தலைவர்.

இயக்கத் தோழர்கள் சிலர் சுற்றுலா செல்ல விரும்பினர், அவரும் இசைந்தார். எல்லோராவின் பௌத்தக் குகைகளைக் காண்பதே முதன்மை நோக்கம். ஏறத்தாழ 30 பேர் நாசிக்கிலிருந்து பேருந்துகளிலும் கார்களிலும் புறப்பட்டனர். பயணத் திட்டத்தை அவர்கள் வெளியே அறிவிக்கவில்லை. தீண்டப்படாதார் எனத் தெரிந்தால் வழியில் என்னென்ன இடையூறுகள் நேரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தங்கும் ஊர்களில் இருந்த தம் மக்களுக்கு மட்டுமே சொல்லி அனுப்பியிருந்தனர். தௌலதாபாத்தில் காத்திருந்த நம்மவர்கள் தேநீர் அருந்திவிட்டுச் செல்லுமாறு வேண்டினர். இருட்டுவதற்குள் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணிய குழுவினர், திரும்பி வரும்போது அருந்துவதாகக் கூறி நேரே கோட்டைக்குச் சென்றனர்.

அது ரமலான் நோன்புக் காலம். கோட்டை வாயிலுக்கு வெளியே, சுற்றிலும் கல் பாவிய சிறு குளம் ஒன்று நீர் நிறைந்து இருந்தது. வழியெல்லாம் படிந்த புழுதியைப் போக்க, குழுவினர் சிலர் அந்நீரில் முகமும் காலும் கழுவினர். பிறகு வாயிலுக்குள் நுழைந்து, கோட்டையைப் பார்க்க அனுமதி பெறும் முறையைக் காவலரிடம் வினவிக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் வெண்தாடி முதியவர் ஒருவர், குளம் தீட்டுப்பட்டதென்று கூவிக்கொண்டே பின்னால் வந்தார். அங்கிருந்த முஸ்லிம்கள் பலரும் சேர்ந்துகொண்டனர். இழிவான வசைகள் எழுந்தன. தாங்கள் வெளியூரார், உள்ளூர் வழக்கம் அறியாதவர் என்று குழுவினர் கூறியும் பயனில்லை. அவர்கள் சினம் உள்ளூரில் வாழ்ந்த நம் மக்கள்மேல் திரும்பியது. வந்தவர்களுக்கு ஏன் முன்னரே சொல்லவில்லை என்று அவர்களை அதட்டினர். இதனை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வந்தவர்கள் மறுநாள் போய்விடுவர். அவ்வூரிலேயே வாழ வேண்டியவர்கள் அந்த ஏழை மக்கள்.

கைகலப்பு மூளும் நிலை. உயிர்ச்சேதமும் நேர்ந்திருக்கலாம். அம்பேத்கரும் தோழர்களும் தம்மை அடக்கிக்கொண்டனர். அவரவர் தம் மதத்திற்குரிய முறைப்படி நடக்க வேண்டும் என்று இளைஞர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அம்பேத்கர் பொறுமை இழந்து அவரை ஒரு வினா வினவினார். உங்கள் மதம் கற்பிப்பது இதுதானா, தீண்டப்படாதவன் ஒருவன் முஸ்லிமாகி வந்தால் இக்குளத்து நீரை எடுக்க வேண்டாம் எனத் தடுப்பீர்களா என்பதே அவ்வினாவின் பொருள். கூட்டம் மௌனமாயிற்று. பிறகு காவலனிடம் திரும்பி, உள்ளே விடுவீர்களா மாட்டீர்களா என்று கேட்டார். காவலன் பெயர் கேட்டான். அவர் தம் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். மேலதிகாரியிடமிருந்து விடை வந்தது. கோட்டைக்குள் செல்லலாம், ஆனால் எவ்விடத்திலும் நீரைத் தொடலாகாது. அதைக் கண்காணிக்க ஆயுதம் தாங்கிய வீரன் ஒருவன் உடன் அனுப்பப்பட்டான்.

எத்தனையோ படைகளைத் தடுக்கக் கட்டிய மதில்கள் அவை. அன்று அங்கு நின்ற காவலன், தாகத்தோடு வந்த 30 பேரின் கைகளைக் காவல் காத்தான்!

அவர் கண்ட பாடம்

இந்நிகழ்ச்சியை அம்பேத்கர் தாமே எழுதி வைத்தார். தீண்டாமை என்றால் என்ன என்பதை அயல்நாட்டார் உணரும்பொருட்டு, 1930களில் அவர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ எனப் பொருள்படும் தலைப்புடைய சிறு தொகுப்பில் இது இடம்பெற்றுள்ளது. அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. 1990இல் நூலாக வந்தது. சிறுவனாகப் புகைவண்டி நிலையத்தில் வண்டிக்காரர்களால் ஒதுக்கப்பட்டது, பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டது முதலியவற்றோடு இதனையும் அவர் வைத்தார். இந்துவுக்குத் தீண்டப்படாதவன் பார்சிக்கும் தீண்டப்படாதவன், முஸ்லிமுக்கும் தீண்டப்படாதவன் என்பதே அவர் எடுத்துக்காட்டிய உண்மை.

இதனை ஒரு மதத்தாரைப் பழிக்கும் கதையாகக் கொள்வோர் அம்பேத்கரைப் பிழைபடப் படிப்பவராவர். சமத்துவத்தை அறமாகக் கொண்ட மதத்தைச் சேர்ந்தவரும், இம்மண்ணில் வாழ்ந்தபோது சாதியின் வழக்கத்தை ஏற்றுக்கொண்டனர் என்பதே இங்குக் காண வேண்டியது. அம்பேத்கரின் வினா அக்கூட்டத்தை ஊமையாக்கியது ஏன்? அவர்களுடைய அறத்தையே அவர்கள்முன் அவர் நிறுத்தியதால் அன்றோ? சாதி, மதங்களின் மதிலையும் தாண்டிப் பரவும் நோய். இச்சுற்றுலாவின் போது அவர்கள் கடந்து சென்ற ஊர்களுள் ஒன்று யேவலை. 1935 அக்டோபர் 13ஆம் நாள், அதே யேவலையில் நடந்த மாநாட்டில்தான், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அவர் அறிவித்தார்.

குளக்கரையிலிருந்து சட்டத்திற்கு

பொதுக்குளத்து நீர் பற்றிய போராட்டம் தௌலதாபாத்தில் தொடங்கியதன்று. 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுக் கிணறுகளையும் குளங்களையும் தீண்டப்படாதார்க்குத் திறந்துவிடக் கூறியது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலை, கிணறு முதலியவற்றை நம் மக்கள் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமைக்காகத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளமோ பழையபடியே இருந்தது. ஆதலின் 1927 மார்ச் 20ஆம் நாள், அம்பேத்கர் தம் மக்களோடு மகாடு நகரின் சௌதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். தாக்குதல் நடந்தது, வழக்கு நடந்தது, பத்து ஆண்டுகள் கழித்து, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது.

அவ்வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தௌலதாபாத் நிகழ்ச்சி நேர்ந்தது. அது நிஜாமின் ஆட்சிப் பகுதி. பம்பாய்த் தீர்மானம் அங்குச் செல்லாது. ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு வேறுபடும் சட்டம் போதாது. நாடு முழுமைக்கும் ஒரே உரிமை வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று உண்டோ?

1950 ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவை இளைஞர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். அரசு நிதியால் பேணப்படும் அல்லது பொதுமக்கள் பயனுக்கென விடப்பட்ட கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் எந்தக் குடிமகனுக்கும் சாதி, மதம் முதலிய காரணங்களால் தடை விதிக்கலாகாது என்று அது கூறுகிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழிக்கிறது. உலகின் பல அரசியலமைப்புகளில் குளம் என்றும் கிணறு என்றும் பெயர் சுட்டி எழுத வேண்டிய தேவை நேர்ந்ததில்லை. நம் நாட்டில் நேர்ந்தது. அதனை வரைந்த குழுவின் தலைவர், தௌலதாபாத்துக் குளக்கரையில் நின்றவர். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன்பின் வந்தவை.

சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் முடிந்துவிட்டதென்று இருந்துவிட இயலாது. 2022 டிசம்பரில், நம் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தி நாட்டை உலுக்கியது. நீரைக் காக்கும் கடமை இன்னும் முடியவில்லை.

கோட்டைக்கு அருகே எழுந்த கல்லூரி

இனி நாம் சொல்லப்போவதே இக்கட்டுரையின் நோக்கம். அவமதிக்கப்பட்ட இடத்தை மனிதர் பலர் மறக்க விரும்புவர்; சிலர் பழி தீர்க்க விரும்புவர். அம்பேத்கர் என்ன செய்தார்?

1945இல் அவர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரி எழுந்தது. அடுத்த கல்லூரிக்கு அவர் தேர்ந்த இடம் ஔரங்காபாத். தௌலதாபாத் கோட்டையிலிருந்து சில மணி நேர நடைத் தொலைவு! உயர்கல்வியில் மிகப் பின்தங்கிய மராத்வாடா மண்ணில், 1950இல் அக்கல்லூரி தொடங்கப்பட்டது. 1951 செப்டம்பர் 1ஆம் நாள் அதன் கட்டடத்திற்குக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். பின்னர் அது மிலிந்தர் கல்லூரி எனப் பெயர் பெற்றது. பௌத்தத் துறவி நாகசேனரிடம் அஞ்சாது வினாக்களைத் தொடுத்து, தக்க விடை கிடைத்தபோது அதனை ஏற்றுக்கொண்ட யவன அரசன் மிலிந்தன். வினவும் துணிவும், உண்மையை ஏற்கும் நேர்மையும் கல்வியின் இரு கண்கள் என்பதை அப்பெயரே கற்பிக்கிறது. கல்லூரி அமைந்த இடத்திற்கு நாகசேனவனம் என்று பெயர்.

அக்கல்லூரியின் பயன் என்ன? ஏட்டையே தொடாத குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அங்குப் பட்டம் பெற்றனர். 1960களில் மராத்தித் தலித் இலக்கியம் வளர்ந்த இடங்களுள் அது முதன்மையானது. பேராசிரியர் கங்காதர் பந்தாவணே நடத்திய ‘அஸ்மிதாதர்ஷ்’ இதழ் அம்மண்ணில் வேரூன்றியது. மராத்வாடாப் பல்கலைக்கழகத்திற்கு அம்பேத்கரின் பெயரைச் சூட்ட 1978இல் மராட்டிய சட்டமன்றம் தீர்மானித்தபோது, நம் மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, உயிர்கள் பறிக்கப்பட்டன. 16 ஆண்டுகள் விடாது போராடிய பின், 1994 ஜனவரி 14ஆம் நாள் அப்பெயர் சூட்டப்பட்டது. தம் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து வாயிலில் காத்திருந்தவரின் பெயரை, இன்று ஒரு பல்கலைக்கழகத்தின் வாயிலே தாங்கி நிற்கிறது.

கல்லால் ஆன கோட்டை இன்று தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இடிபாடு. நுழைவுச்சீட்டுப் பெற்ற எவரும் அதில் ஏறலாம். கல்வியால் ஆன கோட்டையோ ஆண்டுதோறும் புது மாணவரைப் பெற்று வாழ்கிறது.

இளைஞர்களுக்கு

நம் கழகம் தோன்றி 25 ஆண்டுகள் ஆகின்றன. இரவுப் பாடசாலை நடத்துவதும், பாடநூல் வாங்கித் தருவதும், கட்டணம் செலுத்த இயலாத மாணவனுக்குக் கைகொடுப்பதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். தேவகிரியின் பாறையைச் செதுக்கியவனும் ஒரு நாளில் ஒரு சாண் அளவே செதுக்கியிருப்பான். நாள்தோறும் செதுக்கியதால் மலை சுவராயிற்று. தலைமுறைகள் செதுக்கி வைத்த சாதிச் சுவரைத் தகர்ப்பதற்கும் அதே பொறுமையான உழைப்பே வேண்டும்.

மலைக்கோட்டைகளைக் காணச் செல்லும் இளைஞர்கள் பீரங்கியின்மேல் அமர்ந்து நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாகாது. கல்லில் உளியின் தடத்தைப் பாருங்கள். குளம் எங்கே, கிணறு எங்கே என்று தேடிப் பாருங்கள். அதனை வெட்டியவர் யார், நீர் அள்ளியவர் யார், தள்ளி நிறுத்தப்பட்டவர் யார் என்று வினவுங்கள்.

அதனினும் முதலாக நம் ஊர்க் குளத்தின் வரலாற்றை எழுதுங்கள். எந்த ஆண்டில் நம் மக்கள் முதன்முதலாக அதில் இறங்கினர்? அதற்கு மனு எழுதியவர் யார்? அடிபட்டவர் யார்? நீதிமன்றப் படி ஏறியவர் யார்? அதை நேரில் கண்ட முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஆண்டும் பெயரும் குறித்து ஏட்டில் எழுதி, கழக நூலகத்தில் வையுங்கள். மன்னர்களின் பெயரைக் கல்வெட்டுகள் காத்தன. நம் முன்னோரின் பெயரை நாம்தாம் காக்க வேண்டும்.